ட்ரெபிள் காதைக் குத்துகிறது: ட்வீட்டரை மாற்றும் முன்

பிப்ரவரி 4 (வாசகர் கேள்வி)

"புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, ஆம்ப், சிடி ப்ளேயர். எல்லாம் புதுசு. பெண் குரல் மேலே ஏறினால், வயலின் வந்தால், காது கூசுகிறது. கொஞ்ச நேரத்தில் சத்தத்தைக் குறைத்துவிடுகிறேன். அலுமினிய டோம் ட்வீட்டர்தான் காரணம், பட்டு டோம் உள்ளதாக வாங்கு என்கிறார் ஒருவர். கேபிளை மாற்று என்கிறார் இன்னொருவர். ட்வீட்டர்தான் குற்றவாளி என்று நானும் நினைக்கிறேன். சரிதானே?"

பிப்ரவரி 4, இரவு

அவசரப்படாதீர்கள். ட்வீட்டர் என்பது ஸ்பீக்கரில் மேல் ஒலிகளை எழுப்பும் சின்ன உறுப்பு, அதன் குவிந்த மேற்பரப்புதான் டோம். முதலில் செலவில்லாத ஒரு சோதனை. ஆம்பில் ட்ரெபிள் குமிழை, அதாவது மேல் ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் குமிழை, முழுக்கக் குறையுங்கள். காது கூசிய அதே பாட்டை, அதே இடத்திலிருந்து, அதே சத்தத்தில் கேளுங்கள். சிம்பல் மங்கிவிடும், சலங்கை போர்வைக்குள் போய்விடும். ஆனால் குரல் மேலே ஏறும்போது அந்தக் கூச்சம் அப்படியே இருக்கிறதா?

இருந்தால், நீங்கள் ட்ரெபிள் என்று சொல்வது அசல் ட்ரெபிளே அல்ல. அதற்குக் கொஞ்சம் கீழே, 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதி. இன்றைக்கும் நிறைய ஆம்ப்களில் இருக்கும் டோன் கண்ட்ரோல், பிரிட்டிஷ் பொறியாளர் பீட்டர் பாக்ஸண்டால் 1952இல் வெளியிட்ட சர்க்யூட்டின் வழி வந்தது. அந்தக் குமிழ் 10 கிலோஹெர்ட்ஸில் 10 டெசிபல் வரை வெட்டும். 3 கிலோஹெர்ட்ஸுக்கு வரும்போது அதில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதனால் அதைத் திருகத் திருக நல்லதெல்லாம் போகும், குத்துவது மட்டும் அப்படியே இருக்கும். ட்ரெபிளைக் குறைத்தும் பயனில்லை என்று பலர் அலுத்துக்கொள்வது இதனால்தான்.

செய்து பார்த்துச் சொல்லுங்கள். பதில் தெரியாமல் அடுத்ததுக்குப் போவதில் பொருளில்லை.

பிப்ரவரி 5

ஏன் 2–5 என்று கேட்டிருந்தார்கள். காதுத் துளை ஏறக்குறைய 2.5 செ.மீ. நீளம், உள்முனை செவிப்பறையால் மூடிய குழாய். அப்படிப்பட்ட குழாய் 3 கிலோஹெர்ட்ஸை ஒட்டித் தானாகவே ஒலியைத் தூக்கிக் கொடுக்கும். ஃப்ளெட்சர், மன்ஸன் என்ற ஆய்வாளர்கள் 1933இல் வெளியிட்ட சம உரப்புக் கோடுகளிலும் (ஒவ்வொரு அலைவரிசையும் எந்த அளவில் ஒரே உரப்பாகக் கேட்கும் என்று காட்டுபவை) காது மிகக் கூர்மையாக இருக்கும் இடம் இதுதான். குழந்தை அழுகை, அலாரம் எல்லாம் நம்மை உலுக்கி எழுப்புவதும் இந்தப் பகுதியால்தான். இங்கே 2 டெசிபல் கூடினாலே முகம் சுளிக்கும். 12 கிலோஹெர்ட்ஸில் அதே 2 டெசிபல் கூடினால் 'தெளிவாக இருக்கிறது' என்று பாராட்டுவோம்.

தோராயமான கணக்கு ஒன்று, எல்லாம் கிலோஹெர்ட்ஸில். குரல் உரக்கும்போது கத்தலாக மாறினால் 2–4. 'ஸ', 'ஷ' மட்டும் தனியாகச் சீறினால் 5–9. சிம்பல் மணல் தேய்ப்பது போல இருந்தால் 8க்கு மேல். கடைசி வகை மட்டும்தான் குமிழுக்குக் கட்டுப்படும்.

பிப்ரவரி 7

கேட்டவர் பதில் போட்டிருக்கிறார்: குமிழைக் குறைத்தும் குரல் குத்துகிறது, 'ஸ'வும் சீறுகிறது. சரி, இனி ஸ்பீக்கரை நகர்த்துவோம்.

ஸ்பீக்கர் உங்கள் முகத்தை நேராகப் பார்க்கிறதா? பார்த்தால் இரண்டையும் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்புங்கள், அச்சு (ஸ்பீக்கர் நேராகப் பார்க்கும் கோடு) உங்கள் தோளுக்கு வெளியே போகிற அளவுக்கு. ட்வீட்டரின் மேல் அலைவரிசைகள் நேர் அச்சில்தான் அதிகம், பக்கவாட்டில் குறையும். பல ஸ்பீக்கர்களில் இதுவே போதும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வெளிப்பக்கம் திருப்பினால் பக்கச் சுவர்மேல் விழும் ஒலி கூடும். சுவர் அருகிலும் மொட்டையாகவும் இருந்தால் நேரில் குறைந்தது சுவரிலிருந்து திரும்பி வந்துவிடும். அப்போது எதிர்மாறாகச் செய்து பாருங்கள்: இரண்டின் அச்சுகளும் உங்கள் முகத்துக்கு முன்னாலேயே வெட்டிக்கொள்ளும்படி உள்ளே திருப்புங்கள். நேர் அச்சிலிருந்து இப்போதும் விலகித்தான் இருப்பீர்கள், ஆனால் அருகிலுள்ள சுவருக்கு ஒலி குறைவாகப் போகும். என் அறை குறுகலானது. எனக்கு ஒத்துவந்தது இதுதான். வெளிப்பக்கம் திருப்பியபோது பாடகரின் குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே நிற்காமல் சுவர்ப்பக்கம் பரவியது.

உயரத்தையும் பாருங்கள். உட்கார்ந்த நிலையில் காது ட்வீட்டர் மட்டத்தில் இருக்க வேண்டும். மேலேயோ கீழேயோ விலகினால் க்ராஸ்ஓவர் பகுதியில், அதாவது கீழ் ஒலிகளைத் தரும் பெரிய வூஃபரிலிருந்து ட்வீட்டருக்கு ஒலி கைமாறும் இடத்தில், இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், சமநிலை கெடும்.

பிப்ரவரி 8

ட்வீட்டர்மேல் டிஷ்யூ ஒட்டலாமா என்று ஒரு கேள்வி. யமஹா என்எஸ்-10 கதை எல்லோருக்கும் தெரியும்: 1978இல் வீட்டு ஸ்பீக்கராக வந்தது, ஸ்டூடியோக்களில் இடம்பிடித்தது, ட்ரெபிள் தாங்காமல் பொறியாளர்கள் டிஷ்யூ காகிதம் ஒட்டினார்கள். 1987இல் வந்த ஸ்டூடியோ வடிவத்தில் ட்வீட்டரையே திருத்தினார்கள். காகிதம் ஒலியைக் குறைக்கும், உண்மைதான். கூடவே காகிதத்துக்கும் டோமுக்கும் நடுவே ஒலி முன்னும் பின்னும் மோதி, மேல் அலைவரிசையில் மேடு பள்ளம் உண்டாக்கும். 3 கிலோஹெர்ட்ஸில் அதனால் ஏறக்குறைய எதுவும் நடக்காது. நம் பிரச்சினை இருப்பதே அங்கேதான்.

ஸ்பீக்கரின் முன்மூடியான துணி க்ரில்லைக் கழற்றிக் கேட்பவரானால் மாட்டிக் கேளுங்கள். அது இலவசம்.

பிப்ரவரி 11

இன்று நீளமாக எழுதப்போகிறேன், ஏனென்றால் பாதிப் பேருக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது: அறை.

கேட்கும் இடத்தில் உட்கார்ந்து ஒருமுறை பலமாகக் கை தட்டுங்கள். தட்டல் சட்டென்று செத்துப்போனால் நல்லது. 'ட்ர்ர்ங்' என்று உலோகச் சாயலுடன் ஒரு வால் நீண்டால், எதிரெதிரான இரண்டு மொட்டைச் சுவர்கள் ஒலியைப் பந்தாடுகின்றன. 4 மீட்டர் இடைவெளி என்றால் போய்வர 8 மீட்டர், ஏறக்குறைய 23 மில்லி நொடி, அதாவது நொடிக்கு 43 முறை அதே தட்டல். ஒவ்வொரு 'ஸ'வுக்கும் அறை இந்த வாலை ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

என் வீட்டில் ஸ்பீக்கருக்கும் எனக்கும் நடுவே ஒரு கண்ணாடி மேசை இருந்தது. தாழ்வான மேசை, கண்ணை உறுத்தாது, அதை நான் கணக்கில் எடுத்ததே இல்லை. பார்க்க வந்த நண்பர் ஒரு கம்பளியை இரண்டாக மடித்து அதன்மேல் விரித்தார், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே. குரல் அங்கேயே கொஞ்சம் பின்னால் போனது. 'ஸ' வரும் இடத்தில் முன்பு உமிழ்வதுபோல ஒரு தெறிப்பு இருக்கும், அது வெறும் மூச்சாக மாறியது. அவர் கம்பளியை எடுத்தார், தெறிப்பு வந்தது. விரித்தார், போனது. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு அதையே செய்துகொண்டிருந்தோம். மேசை இப்போது அந்த அறையில் இல்லை.

உங்கள் வீட்டில் இப்படிப்பட்ட இடத்தைக் கண்டுபிடிக்கக் கண்ணாடி போதும். நீங்கள் உட்காருங்கள், இன்னொருவர் பக்கச் சுவர்மேல் முகம் பார்க்கும் கண்ணாடியை ட்வீட்டர் உயரத்தில் வைத்து நகர்த்தட்டும். எங்கே உங்களுக்கு ட்வீட்டர் தெரிகிறதோ அங்கேதான் முதல் எதிரொலிப்பு. இரண்டு சுவர், தரை, கூரை எல்லாவற்றிலும் குறித்துக்கொள்ளுங்கள். தரைக்குத் தடித்த கம்பளம், சுவருக்குப் புத்தகம் நிறைந்த அலமாரியோ உறிஞ்சு பலகையோ. திரை என்றால் தட்டையாக இழுத்துக் கட்டாமல் மடிப்பு மடிப்பாகத் தொங்கவிடுங்கள்.

தலைக்குப் பின்னால் சுவர் ஒட்டி இருந்தால் சோபாவை ஒரு முழமாவது முன்னால் இழுங்கள்.

பிப்ரவரி 12

"எத்தனை பலகை வேண்டும்?" இதற்குக் கணக்கு உண்டு. ஹார்வர்டில் ஒரு விரிவுரை அறையில் பேச்சே புரியவில்லை என்று வாலஸ் ஸாபைன் என்ற இளம் ஆசிரியரிடம் 1895இல் பொறுப்பைக் கொடுத்தார்கள். பக்கத்து அரங்கத்து இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு ஒலி எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று அளந்தார். அதிலிருந்து வந்த சூத்திரம்: அடங்கும் நேரம் = 0.161 × அறைக் கன அளவு ÷ மொத்த உறிஞ்சு பரப்பு.

5 × 4 × 3 மீட்டர் அறை, 60 கன மீட்டர். சுவர், தரை, கூரை சேர்த்து 94 சதுர மீட்டர். மொட்டைப் பூச்சுச் சுவரின் உறிஞ்சு குணகம் 0.03 என்று வைத்தால் மொத்தம் 2.8. விடை 3.4 நொடி. பாட்டுக் கேட்க 0.5 நொடிக்குள் வர வேண்டும் என்றால் 19 சதுர மீட்டருக்குச் சமமான உறிஞ்சல் வேண்டும். சோபா, மனிதர்கள், கம்பளம், புத்தகங்கள் இதில் பெரும் பகுதியைத் தந்துவிடும். மிச்சத்துக்குத்தான் பலகை.

ஒரு எச்சரிக்கை. 2 செ.மீ. ஃபோம் துண்டுகளை அறை முழுக்க ஒட்டாதீர்கள். மெல்லிய ஃபோம் மேலே உள்ளதை மட்டும் தின்னும், கீழே உள்ளதைத் தொடாது. அறை மந்தமாகவும் குமுறலாகவும் ஆகும், ஆனால் 500 ஹெர்ட்ஸிலிருந்து 1 கிலோஹெர்ட்ஸ் வரை எதிரொலி அப்படியே கிடக்கும். குறைந்தது 5 செ.மீ., முடிந்தால் 10 செ.மீ. தடிப்பில் ராக்வூல் (கல் இழைப் பஞ்சு), துணி சுற்றி, சுவரிலிருந்து கொஞ்சம் இடைவெளி விட்டு. ராக்வூல் வெட்டும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம்.

பிப்ரவரி 16

கேபிள். வீட்டில் ஓடும் சில மீட்டர் நீளத்துக்கு, போதுமான தடிப்புள்ள எந்தச் செம்புக் கம்பியும் 3 கிலோஹெர்ட்ஸில் காதுக்கு எட்டும் மாற்றம் எதையும் செய்யாது. இதில் நான் உறுதியாக இருக்கிறேன். இதன் பேரில் இழையைச் சண்டைக்களம் ஆக்க வேண்டாம்.

ஆனால் கேபிளைக் கழற்றி மாட்டுவதில் ஒரு நன்மை உண்டு. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பும் கறுப்பும் மாறியிருந்தால் அப்போது கண்ணில் படும். மாறியிருந்தால் இரண்டு ஸ்பீக்கரின் பாஸும் (கீழ் ஒலிகள்) ஒன்றையொன்று அழித்து மெலிந்துபோகும், குரல் நடுவில் நிற்காது, மேல்பகுதி மட்டும் துருத்திக்கொண்டு தெரியும். 'ட்ரெபிள் அதிகம்' என்று கேட்பவர்கள் எல்லோரும் இதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

பிப்ரவரி 20

சத்தத்தைக் கூட்டும்போது மட்டும் குத்துகிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது வேறு நோய். ஆம்ப் முட்டுகிறது.

காதுக்கு இரண்டு மடங்கு உரப்பாகத் தெரிய ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், 10 டெசிபலுக்கு 10 மடங்கு வாட் வேண்டும். சராசரியாக 1 வாட்டில் ஓடும் நல்ல பதிவில் ஒரு மிருதங்க அடி 20 டெசிபல் எகிறினால் அந்தக் கணத்துக்கு 100 வாட். 30 வாட் ஆம்ப் அங்கே அலையின் தலையை வெட்டிவிடும். வெட்டிய அலையில் முன்பு இல்லாத மேல் அலைவரிசைகள் பிறக்கும், அவை நேரே ட்வீட்டருக்குப் போகும். காதுக்கும் கெடுதல், ட்வீட்டரும் எரியும். சின்ன ஆம்ப் ஸ்பீக்கருக்குப் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

பார்க்க எளிய வழி: குமிழை ஒரு நிலையில் வைத்துக் கேளுங்கள், பிறகு கணிசமாகக் குறையுங்கள். குறைந்த சத்தத்தில் கூச்சம் முழுக்க மறைந்தால் ஆம்ப். குறைந்த சத்தத்திலும் அதே சாயல் தெரிந்தால் ஸ்பீக்கரின் சமநிலை, அறை அல்லது பதிவு.

டிஜிட்டல் பக்கமும் இதே முட்டல் நடக்கும். கணினியில் ஈக்யூ (அலைவரிசை வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதி) போட்டு 4 டெசிபல் ஏற்றியிருந்தால், அதிலுள்ள ப்ரீஆம்பை, அதாவது மொத்த அளவை, அதே 4 இறக்குங்கள்.

பிப்ரவரி 27

மேலே எழுதியதையெல்லாம் திரும்பப் படித்தேன். ஒன்று இன்னும் அழுத்தமாகச் சொல்லப்படவில்லை: பாஸ் இல்லாத இடத்தில் எந்த ட்ரெபிளும் அதிகம்தான்.

சின்னப் பெட்டியை ஸ்டாண்டில் வைத்து, சுவரிலிருந்து வெகுதூரம் இழுத்துவிட்டால் என்ன ஆகும்? மேல் அலைவரிசைகள் முன்பக்கம் மட்டும் போகும், கீழுள்ளவை பெட்டியைச் சுற்றிப் பின்னாலும் பரவும். 20 செ.மீ. அகல முகப்பில் இந்த மாற்றம் 500–600 ஹெர்ட்ஸை ஒட்டி நடக்கும். வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் க்ராஸ்ஓவர் சர்க்யூட் இதை ஈடுகட்டாவிட்டால் கீழ்ப்பகுதி 6 டெசிபல் வரை பின்தங்கும். குரலின் மார்பு போய்விடும், தொண்டை மட்டும் கேட்கும். அதைத்தான் 'கத்தல்' என்கிறோம்.

அப்படியானால் ஸ்பீக்கரைப் பின்சுவர்ப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே போங்கள், ஒவ்வொரு கைப்பிடி அளவுக்கும் ஒரே பாட்டைக் கேளுங்கள். சுவரிலிருந்து 80 செ.மீ.யில் முகப்பு இருந்தால் 107 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு பள்ளம் விழும், ஏனென்றால் சுவரில் பட்டுத் திரும்பும் அலை எதிர்நிலையில் வந்து சேரும். நெருங்க நெருங்க அந்தப் பள்ளம் மேலே ஏறி ஆழம் குறையும். என் நண்பர் வீட்டில் 'தாங்க முடியாத' ஸ்பீக்கர் ஒன்று இப்படியே சரியானது. ட்ரெபிளைத் தொடவே இல்லை.

சப்வூஃபர் வைத்திருப்பவர்கள்: அதன் அளவையும் ஃபேஸையும் (மற்ற ஸ்பீக்கர்களின் அலையோடு ஒத்துப்போகும் நிலை) ஒழுங்காக அமைத்துவிட்டு அப்புறம் ட்ரெபிளைப் பற்றிப் பேசுவோம்.

மார்ச் 3

பதிவே கடூரமாக இருந்தால்? இருக்கும். 1990களுக்குப் பிறகு உரப்பாகக் கேட்க வேண்டும் என்று அமுக்கி அமுக்கி வெளியிட்ட சிடிகள் ஏராளம். அவற்றில் அலையின் தலை ஏற்கெனவே வெட்டப்பட்டிருக்கும். எந்த ஸ்பீக்கரும் அதைத் தைத்துக் கொடுக்காது. நன்றாகப் பதிவான ஒரு தனிக்குரல், ஒரு வயலின், ஒரு பேச்சு என்று சோதனைக்குச் சிலவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவையும் குத்தினால் மட்டும் சிஸ்டத்தைக் குறை சொல்லுங்கள்.

பழைய சிடிகளைக் கணினியில் ஏற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. சிடி 1982இல் வந்தது. தொடக்க காலத்துச் சில வட்டுகளில் ப்ரீஎம்ஃபஸிஸ் இருக்கிறது: பதியும்போது ட்ரெபிளை ஏற்றி, ப்ளேயரில் இறக்குவது. ப்ளேயர் அந்தக் குறியீட்டைப் பார்த்துத் தானே இறக்கும். கணினியில் ரிப் செய்யும்போது பல மென்பொருள்கள் அதைக் கவனிப்பதில்லை. அப்போது 5 கிலோஹெர்ட்ஸில் 4.5, 10இல் 7.6, 20இல் 9.5 டெசிபல் கூடுதலாகவே கோப்பில் உட்கார்ந்துவிடும். ஒரு பழைய ஆல்பம் ப்ளேயரில் இதமாகவும் கணினியில் ஊசியாகவும் கேட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதை. கோப்புக்கு டீஎம்ஃபஸிஸ், அதாவது அந்த ஏற்றத்தை இறக்கும் திருத்தம், போட்டால் தீர்ந்தது. இதற்காக ஸ்பீக்கரை விற்றவர்கள் இருக்கக்கூடும் என்று நினைத்தாலே வருத்தமாக இருக்கிறது.

மார்ச் 9

காதையும் பார்க்க வேண்டும். வயதாகும்போது மேல் அலைவரிசை கேட்பது குறையும், ஆனால் சிலருக்கு அதோடு இன்னொன்றும் வரும்: மெல்லிய ஒலி கேட்காது, கொஞ்சம் உரத்தாலோ திடீரென்று தாங்காது. பாத்திரம் மோதும் ஓசை, பக்கத்தில் உள்ளவர் சிரிப்பு எல்லாமே குத்துகிறது என்றால் அது ஸ்டீரியோவின் குறை அல்ல. வீட்டில் இன்னொருவரைக் கேட்கச் சொல்லுங்கள். உங்களுக்கு மட்டும்தான் என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். காதில் இரைச்சலும் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

மார்ச் 15

அளக்க விரும்புபவர்களுக்கு. ரூம் ஈக்யூ விசார்ட், அறையில் ஒலியை அளக்கும் இலவச மென்பொருள். கூடவே அளவுத்திருத்தக் கோப்புடன் வரும் யுஎஸ்பி மைக் ஒன்று. காது இருக்கும் இடத்தில் மைக்கை வைத்து, ஒரு புள்ளியில் மட்டும் அளக்காமல் தலையைச் சுற்றிப் பல இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். ஒரே புள்ளியின் கோடு காட்டும் மேடு பள்ளங்களில் பாதி, மைக்கை ஒரு விரல் நகர்த்தினால் இடம் மாறிவிடும். ஆறில் ஒரு ஆக்டேவ் ஸ்மூதிங் (சின்னச் சின்ன மேடு பள்ளங்களை மழுப்பிக் காட்டுவது) போட்டுப் பாருங்கள்.

கவனம்: கோடு 20 கிலோஹெர்ட்ஸ் வரை தட்டையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படக் கூடாது. நல்ல ஸ்பீக்கர், எதிரொலி இல்லாத அறையில் நேர் அச்சில் தட்டையாக இருக்கும். அதையே வீட்டில் வைத்து உட்காரும் இடத்தில் அளந்தால், பாஸிலிருந்து மேலே போகப் போக மெல்லச் சரியும். அதுதான் இயல்பு. ஒலி அளவீட்டுக் கருவிகள் செய்யும் ப்ரூயெல் அண்ட் கியேர் நிறுவனம் 1974இலேயே இந்தச் சரிவைப் பரிந்துரைத்தது. தானியங்கி ரூம் கரெக்‌ஷன் சில நேரம் இந்தச் சரிவை நிமிர்த்தித் தட்டையாக்கிவிடும், உடனே காது கூசத் தொடங்கும். உங்கள் ரிசீவரில் அது ஓடுகிறதென்றால் அணைத்துவிட்டுக் கேளுங்கள். டார்கெட் கோட்டை (அது எட்ட முயலும் கோடு) மாற்றவோ, 300–500 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் திருத்தவோ வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

என் அளவீட்டில் 3.2 கிலோஹெர்ட்ஸை ஒட்டி ஒரு மேடு இருந்தது. பாராமெட்ரிக் ஈக்யூவில் அதற்கு 2 டெசிபல் வெட்டு, க்யூ (வெட்டின் அகலத்தைக் குறிக்கும் எண்) 1.5. கேட்க இதமானது. முழுத் திருப்தி இல்லை. காரணம் அடுத்த குறிப்பில்.

மார்ச் 22

16 செ.மீ. வூஃபர், 25 மி.மீ. ட்வீட்டர், 2.5–3 கிலோஹெர்ட்ஸில் க்ராஸ்ஓவர். மிகப் பரவலான இரு வழி அமைப்பு இது. அந்த வூஃபரின் அசையும் கூம்பு ஏறக்குறைய 13 செ.மீ. 2.6 கிலோஹெர்ட்ஸின் அலைநீளமும் 13 செ.மீ.தான். அதனால் அங்கே போய்ச்சேரும்போது வூஃபர் முன்னால் மட்டும் குவிந்து ஒலிக்கும். சற்று மேலே ட்வீட்டர் பொறுப்பேற்றதும், அது சின்னது என்பதால், எல்லாப் பக்கமும் விரிந்து ஒலிக்கும்.

நேர் அச்சில் இந்தக் கைமாற்றம் தெரியாது, கோடு தட்டைதான். ஆனால் பக்கவாட்டில் 3–4 கிலோஹெர்ட்ஸ் புடைத்து நிற்கும், சுவர்களில் பட்டு உங்களிடம் வரும். ஈக்யூவால் வெட்டினால் சுவர் வழி வருவது சரியாகும், நேரே வருவது பள்ளமாகும். இரண்டையும் ஒரே நேரத்தில் சரிசெய்ய முடியாது. ஒலி ஆய்வாளர் ஃபிளாய்ட் டூல் கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்தில் இருந்தபோது தொடங்கிய கேட்புச் சோதனைகள் சொன்னதும் இதுதான்: நேரில் தட்டையாகவும், பக்கவாட்டில் சீராகக் குறைந்துகொண்டும் போகும் ஸ்பீக்கர்தான் மக்களுக்குப் பிடிக்கிறது.

எனவே பிப்ரவரி 11 குறிப்பில் சொன்ன பக்கச் சுவர்ப் பலகைகள் இந்த வகை ஸ்பீக்கருக்கு இன்னும் முக்கியம். இனி வாங்குபவர்கள், டோம் அலுமினியமா பட்டா என்பதைவிட, ட்வீட்டரைச் சுற்றி வேவ்கைடு என்கிற ஆழமில்லாத கிண்ண வடிவம் இருக்கிறதா, பக்கவாட்டு அளவீடு வெளியாகியிருக்கிறதா என்று பாருங்கள். நன்றாகச் செய்த உலோக டோம் தன் முறிவு அதிர்வை (ஒரே துண்டாக அசையாமல் நெளியத் தொடங்கும் இடம்) கேட்கும் எல்லைக்கு மேலே, 25 கிலோஹெர்ட்ஸை ஒட்டித் தள்ளிவிடுகிறது. உலோகம் என்பதற்காக அதற்குக் குரலில் உலோகச் சாயல் வராது.

மார்ச் 30

இசைத்தட்டுக் கேட்பவருக்குச் சுருக்கமாக. மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜின் (ஊசி பொருந்திய காந்த உறுப்பு) சுருளும், கேபிள் மற்றும் ஃபோனோ ஸ்டேஜின் (இசைத்தட்டு சிக்னலைப் பெருக்கும் பகுதி) கெபாசிட்டன்ஸும் சேர்ந்து ஒரு ஒத்ததிர்வை உண்டாக்கும். 500 மில்லிஹென்றி சுருளுக்கு 400 பிகோஃபாரட் சேர்ந்தால் அது 11 கிலோஹெர்ட்ஸில் விழும், 200 பிகோஃபாரட் என்றால் 16 கிலோஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். கார்ட்ரிட்ஜ் கேட்கும் அளவைத் தாண்டினால் சீறல் நிச்சயம். ஃபோனோ ஸ்டேஜில் சின்ன சுவிட்சுகள் இருந்தால் குறைந்த அளவில் வையுங்கள், நீளமான இணைப்புக் கேபிளைக் குட்டையாக்குங்கள். தட்டின் உள்வட்டங்களில் மட்டும் 'ஸ' கிழிந்தால் அது ஊசியின் தேய்வு, சீரமைப்பு, எடை சம்பந்தப்பட்டது.

ஏப்ரல் 6

முதலில் கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார். ஸ்பீக்கரைப் பின்னால் தள்ளி, உள்ளே திருப்பி, பக்கச் சுவரில் பலகை மாட்டி, கம்பளம் போட்டிருக்கிறார். குரல் குத்தவில்லை. 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே மட்டும் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் அதிகம், ட்வீட்டரையே ஒரு சுற்றுக் குறைக்க முடியுமா என்கிறார். முடியும். உத்தரவாதக் காலம் முடிந்திருந்தால், சோல்டரிங் பழக்கம் இருந்தால் மட்டும்.

எல்-பேட் என்பது இரண்டே ரெசிஸ்டர்: ஒன்று ட்வீட்டருக்குத் தொடராக, இன்னொன்று ட்வீட்டரின் இரு முனைகளுக்குக் குறுக்கே. 8 ஓம் ட்வீட்டருக்கு 1 டெசிபல் குறைக்க 0.87 ஓம் தொடராக, 66 ஓம் குறுக்கே. 2 டெசிபலுக்கு 1.65 ஓம், 31 ஓம். கடையில் கிடைக்கும் அருகிலுள்ள மதிப்பு போதும். வெறும் தொடர் ரெசிஸ்டர் மட்டும் போட்டால் க்ராஸ்ஓவர் காணும் மின்தடை மாறி, வெட்டும் இடமே நகரும். எல்-பேட் அதைக் காப்பாற்றும். க்ராஸ்ஓவர் பலகைக்கும் ட்வீட்டருக்கும் நடுவில்தான் இது வர வேண்டும், பலகைக்கு முன்னால் அல்ல.

நான் என் பெட்டியைத் திறந்தபோது பலகையில் 2.2 ஓம் என்று அச்சிட்ட வெள்ளைப் பீங்கான் ரெசிஸ்டர் ஒன்று பழுப்புப் பசையில் புதைந்திருந்தது. அதாவது உற்பத்தியாளரே ஏற்கெனவே ட்வீட்டரைக் குறைத்திருக்கிறார். உங்களுடையதிலும் இருக்கலாம். இருந்தால் அதைத் தொடாமல் அதற்குப் பிறகு உங்கள் எல்-பேடைச் சேருங்கள், வேண்டாம் என்றால் கழற்றிவிட்டுப் பழைய நிலைக்குப் போகலாம். முதலில் 1 டெசிபல். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் போட்டு, மோனோவில் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள், பிறகு அடுத்ததில் கை வையுங்கள்.

10 வாட் ரெசிஸ்டராகப் பாருங்கள். சூடாகும், கெபாசிட்டரையோ பஞ்சையோ தொடாமல் பலகையிலிருந்து கொஞ்சம் தூக்கி சோல்டர் செய்யுங்கள்.